சிலுவைக்கு ஒரு பெல்ட்

மே மூன்றாம் தேதி, புவெப்லா நகரில் கொத்தனார்களின் நாள். கட்டி முடியாத ஒவ்வொரு கட்டடத்தின் உச்சியிலும் அன்று ஒரு சிலுவை ஏறும். அது ஏறும்வரை கீழே கறி அண்டாவைத் திறக்க மாட்டார்கள்.

இந்த வருடம் சிலுவை நடும் முறை நிக்கானோருக்கு வந்தது. மாமியார் எர்மிலாவை நேரில் போய் அழைத்தான். அவன் கொத்தனாராகி ஒன்பது வருடம் ஆகியும் அவள் அவனைக் கலவை போடுகிறவன் என்றுதான் சொல்லி வந்தாள். மகளுக்கு இன்னும் நல்ல இடம் பார்த்திருக்கலாம் என்பாள், அவன் காதுபட. நான்காம் மாடி உச்சியில் தன்னைப் பார்த்தால் ஒரு நாளாவது அவள் வாய் ஓயும் என்று அவன் நம்பினான்.

சாரத்தில் ஏறப் பாதுகாப்பு பெல்ட் வேண்டும். மற்றவை சோதனைக்குப் போயிருந்ததால் அன்று ஒன்றுதான் இருந்தது. மேஸ்திரி ஃபிதென்சியோ அதைச் சிலுவைக்கு மாட்டினார். போன வருடம் சிலுவை கீழே விழுந்து, அதன்பின் சுவர், தண்ணீர்த் தொட்டி, மேஸ்திரியின் குடும்பம் எல்லாவற்றிலும் விரிசல்.

இன்ஜினியர் யோலாண்டா வந்து பார்த்தாள். சிலுவைக்கு இடுப்பு இல்லாததால் பெல்ட் அதன் தோளில் தொங்கியது.

"மேஸ்திரி, இது என்ன?"

"போன வருஷம் விழுந்திருச்சும்மா."

"நிக்கானோர் விழுந்தா?"

மேஸ்திரி யோசித்தார். "அவன் விழுந்தா அவனுக்கு மட்டும்தாம்மா கஷ்டம். சிலுவை விழுந்தா எல்லாருக்கும்."

நிக்கானோரும் தலையாட்டினான். அவனுக்கும் அது நியாயமாகவே பட்டது.

அப்படியானால் யாரும் ஏற வேண்டாம் என்றாள் யோலாண்டா. மேஸ்திரி வாதாடினார். அண்டாவிலிருந்து வாசனை வந்தது. பத்து நிமிடத்தில் சமாதானம் ஆயிற்று. பெல்ட் நிக்கானோருக்கு. சிலுவை அவன் முதுகில், கயிற்றுக் கட்டாக. யோலாண்டா மாடிக்கு ஏறி, பெல்ட்டின் கொக்கியைத் தூணின் இரும்பு வளையத்தில் தானே மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

உச்சிப் பலகையை மட்டும் பார்க்கவில்லை. காலையில் சிலுவைக்குக் காகிதப் பூ கட்டக் கம்பி போதவில்லை. யாரோ அந்தப் பலகையின் கட்டுக்கம்பியை வெட்டி எடுத்திருந்தார்கள். அந்த யாரோ நிக்கானோர்தான். பலகையில் கால் வைத்த பிறகு அது அவன் நினைவுக்கு வந்தது.

பலகை நழுவி, கீழே கட்டியிருந்த வலையில் விழுந்தது. அவன் இரண்டு முழம் இறங்கி பெல்ட்டில் தொங்கினான். முதுகில் சிலுவை, பிடிமானம் தேடி இருபுறமும் விரித்த கைகள், தலையைச் சுற்றிக் காகிதப் பூ.

தெருவில் கோயில் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. வாத்தியம் நின்றது. பெண்கள் மண்டியிட்டார்கள். விசேஷத்துக்குக் கண்ணாடி எதற்கு என்று வீட்டில் விட்டுவந்த எர்மிலாவும் மண்டியிட்டாள். அவளுக்கு மெதுவாக வேண்டத் தெரியாது.

"ஆண்டவரே, எம்மகளுக்கு ஒரு நல்ல புருஷனாக் குடுங்க. இருக்கறவன் வேணாம்."

தெரு அமைதியாக இருந்தது. மேலே நன்றாகக் கேட்டது.

"அத்தை, நான்தான்."

எர்மிலா நெஞ்சில் கை வைத்தாள். "அவன் குரல்லயே பேசறீங்களே, ஆண்டவரே. அந்தக் குரலும் வேணாம்."

தொங்கினால் காலில் ரத்தம் தேங்கும், ஆட்டிக்கொண்டே இரு என்று யோலாண்டா மேலிருந்து சொன்னாள். அவன் ஆட்டினான். ஆண்டவரின் கால் அசைவதைக் கண்டு பின்வரிசையும் மண்டியிட்டது. அதற்குள் யோலாண்டாவும் இரண்டு கொத்தனார்களும் அவனை மேலே இழுத்துவிட்டார்கள்.

நிக்கானோர் முதலில் பூக்களைப் பிரித்தான். அந்தக் கம்பியால் வேறொரு பலகையை இறுகக் கட்டினான். பிறகு பூ இல்லாத சிலுவையை நட்டான்.

கீழே வந்தபோது எர்மிலாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவனைச் சுற்றி வந்தாள். துணிக்கடையில் சேலையைப் பார்ப்பதுபோல் பெல்ட்டின் பட்டையை விரலால் தேய்த்து, இழுத்துப் பார்த்தாள். அண்டாவின் முதல் தட்டை அவளே கொண்டுவந்து வைத்தாள்.

உட்கார வசதியாக அவன் பெல்ட்டைக் கழற்றப் போனான்.

"கழட்டாதீங்க, மாப்பிள்ளை," என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயில் அவன் கேட்பது அதுவே முதல் முறை. "வேண்டிக்கிட்டதை நான் இன்னும் வாபஸ் வாங்கல."

நிக்கானோர் கொக்கியை மேசைக்காலில் மாட்டிக்கொண்டு சாப்பிட்டான்.