கைப்பிடி வைத்த வாளி

தீவனத்தைத் தின்று முடித்த குதிரை தலையைத் தூக்கியபோது, வாளியும் கூடவே வந்தது. கைப்பிடியின் கொக்கி முகப்பட்டையில் மாட்டிக்கொண்டிருந்தது. மிரண்ட குதிரை பின்னங்காலால் பலகையை உதைத்தது. லாயத்தின் மூலையில் அக்கா பல்லியாய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ரப்பர் தொட்டி வாங்கலாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். இரும்புதான் உழைக்கும்னாரே உன் மாமா" என்றாள்.

"மாமாவை அப்புறம் திட்டலாம். இப்ப அசையாதேக்கா."

நான் மெல்ல உள்ளே போய், குதிரையின் கழுத்தைத் தடவியபடியே கையை நகர்த்தி முகப்பட்டையின் வாரை அவிழ்த்தேன். வாளி விழுந்தது. குதிரை மறுபக்கம் துள்ளியது. அக்கா கதவைத் தாண்டி வெளியே பாய்ந்தாள்.

அங்கே மாமா புது இரும்பு வாளிகள் இரண்டோடு வெளிறிப்போய் நின்றார்.

"கடைக்காரன் இன்னும் மூடியிருக்க மாட்டான்" என்றார், நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே. "மாத்திட்டு வந்துடறேன்."