எங்கள் குடும்பத்தில் அப்படி யாருக்கும் கிடையாது

அடுத்த மாதம் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டுச் சம்பந்தி வீட்டார் எழுந்தார்கள். வழியனுப்ப வந்த என் மகள் வாசற்படியில் மூச்சுக்குத் தவித்து, அவர்கள் காலடியிலேயே சரிந்தாள்.

அவசரப் பிரிவில் இளம் பெண் டாக்டர் பரிசோதித்துவிட்டுத் திரைக்கு வெளியே வந்தார்.

"பதற்றமா இருக்கலாம், கல்யாணப் பொண்ணு வேற. காலு வீங்கறது, ரத்தம் கட்டிக்கறது, உங்க குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்கா?"

"எங்க குடும்பத்துல அப்படி யாருக்கும் கிடையாது."

நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன். மூன்றடி தள்ளி மாப்பிள்ளையின் அம்மா நின்றிருந்தார்.

நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவரும் பொய் அது. என் பெரிய தங்கை, பிள்ளை பெற்ற பத்தாம் நாள், கால் வீங்கி மூச்சு முட்டிச் செத்தாள். நோய்க் குடும்பம் என்று பெயர் வந்தால் மற்ற இரண்டு தங்கைகளை யார் கட்டுவார்கள்? வழுக்கி விழுந்தாள் என்று ஊருக்குச் சொன்னோம்.

போன வருடம் மகளின் ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கம் என்று பரிசோதனைத் தாள் வந்தது. அதை என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு" என்றேன். பிறகு மாதவிலக்குக் கோளாறுக்கு வேறொரு டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதினார். அவரிடம் இதையெல்லாம் சொல்ல ஆளில்லை. முந்தாநாள் இடது கெண்டைக்கால் வலிக்கிறது என்றாள். "அவங்க வர்றப்ப நொண்டாதே" என்பதுதான் நான் செய்த வைத்தியம்.

திரை இடுக்கில் மகளின் உதடு நீலம் பாரிப்பது தெரிந்தது. மனைவி என் சட்டையைப் பிடித்தாள்.

"எதையோ மறைக்கறீங்க. முப்பது வருஷமா இந்த மூஞ்சியைப் பாக்கறேன்."

"மெதுவா பேசு. அவங்க நிக்கறாங்க."

"நிக்கட்டும். என் பொண்ணு படுத்திருக்கா. உங்க கௌரவத்தை அவ மூக்குல வச்சு ஊதுங்க, மூச்சு வருதான்னு பாப்போம்!"

திரையை விலக்கி உள்ளே ஓடினேன்.

"டாக்டரம்மா, பொய் சொல்லிட்டேன். என் தங்கச்சி இப்படித்தான் செத்தா. இவளுக்கு ரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தி. ஹார்மோன் மாத்திரை சாப்பிடறா. இடது காலைப் பாருங்கம்மா, காலைப் பாருங்க!"

துணியை விலக்கினார். ஒரு கால் மற்றதைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. ஊசி, ஸ்கேன் என்று குரல்கள் எழுந்தன. கட்டிலைத் தள்ளிக்கொண்டே டாக்டர் சொன்னார்: "கொழுப்புதான் காரணம்னு சொல்லிட முடியாது. ஆனா இதெல்லாம் தெரிஞ்சிருந்தா, ரத்தம் கட்ட வைக்கக்கூடிய அந்த மாத்திரையை எழுதியிருக்க மாட்டாங்க."

"பொழச்சுடுவாளா?"

கதவு மூடிக்கொண்டது. மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் தடுக்கவில்லை.

நர்ஸ் தாளில் எழுதிக்கொண்டே கேட்டார். "கூடப் பிறந்தவங்க வேற யாராவது இருக்காங்களா, அவங்களுக்குப் பொண்ணுங்க இருக்காங்களா? அவங்களுக்கும் சொல்லிடுங்க ஐயா."

மற்ற இரண்டு தங்கைகளுக்குமாக நான்கு பெண்கள். யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று எனக்கென்ன தெரியும்? போனில் சின்னத் தங்கையைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னண்ணா, கல்யாணத் தேதி வச்சாச்சா?"