நடுச்சுவரில் மூன்றடி

1

ஒருவரைப் பழிவாங்கத்தான் இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். அவர் என் தங்கையின் கணவர். லிப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருடமாக நான் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறேன், அவர் என்னை அக்கா என்கிறார். ஒரு நாளும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. அப்படிப்பட்டவரைக் கதையில் வைத்துக் கிழிப்பது சுலபமில்லை. இருந்தும் பதினொரு பக்கம் கிழித்தேன். அவை இப்போது எதற்கும் உதவாது. ஏன் என்று நான்காம் பகுதியில் சொல்கிறேன். (இப்போதே சொன்னால் எழுந்து போய்விடுவீர்களோ என்ற பயம்தான். மற்றபடி உத்தி ஒன்றும் இல்லை.)

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘அவள் வாய் திறக்கும்போதெல்லாம் அவன் வேறு எங்கோ—’

“எல்லாம்” என்பது பொய். அடித்துவிட்டேன். அடுத்தது:

‘வீடு என்பது வெறும் கல்லும் மண்ணும்—’

‘வீடு என்பது’ என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியத்தையும் நானே நம்பமாட்டேன். நீங்கள் ஏன் நம்ப வேண்டும்? அதுவும் போயிற்று.

மூன்றாவது தொடக்கம் கீழே. அழகில்லை. ஆனால் அதில் பொய் இல்லை.

2

என் தங்கை காது பரிசோதனை செய்பவள். சத்தம் புகாத ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டில் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, வெளியே மெஷினில் ஒலியைக் கூட்டிக் குறைப்பாள். கேட்டால் அவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். நாள் முழுக்க இதுதான். அவள் உட்காரும் அறைக்கு ஜன்னல் கிடையாது.

மாப்பிள்ளைக்கும் கிடையாது. அவர் பொழுது லிப்ட் ஓடும் கிணற்றுக்குள்ளும் மொட்டைமாடி மோட்டார் அறையிலும் போகும். இருவரும் வாடகைக்கு இருந்தது நாலாவது மாடி. அந்தக் கட்டட லிப்ட் நின்றால் சாப்பிடுகிற கையைக் கழுவிக்கொண்டு அவர்தான் இறங்குவார்.

ஆகவே சொந்த வீடு கட்டுவது என்று முடிவானபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: மாடி கூடாது. அவள் கேட்டது: எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜன்னல். இருவரும் சேர்ந்து கேட்டது: பூமிக்குப் பாரமாக இல்லாத வீடு. மழைநீர்த் தொட்டிக்குத் தோண்டுகிற மண்ணிலேயே கொஞ்சம் சிமெண்ட் கலந்து, கைநெம்புகோல் மெஷினில் அழுத்தி, தாங்களே கல் செய்துகொள்வது. மேலே ஓடு. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போகிற மாதிரி எதிரெதிர் ஜன்னல்கள். பகலில் மின்விசிறியே தேவைப்படக் கூடாது.

லிப்ட் சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் இரண்டு வருடம் வரைந்தார்கள். நானும் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமிருக்காது.

(பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிய கதை இல்லை இது. கேட்பீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.)

கடைசியில் மாப்பிள்ளை மேஸ்திரியிடம் கொடுத்த வரைபடம் முப்பத்தாறடிக்குப் பதினெட்டடியில் ஒரே கூடம். ஒரு முனையில் சமையல், மறு முனையில் கட்டில். குளியலறையைத் தவிர உள்ளே சுவரே இல்லை.

3

அஸ்திவாரம் தோண்டிய முதல் ஞாயிற்றுக்கிழமை, தங்கை மதியச் சாப்பாட்டோடு மனைக்குப் போனாள். சுண்ணாம்புக் கோடுகளைச் சுற்றி வந்தவள் பின்பக்கம் நின்றுவிட்டாள்.

“இங்க குறுக்கால ஒரு கோடு வரணுமே?”

மேஸ்திரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிளான்ல இல்லையேம்மா.”

“ஏங்க, ரூம் எங்க?”

“எந்த ரூம்?” என்றார் மாப்பிள்ளை.

“நான் சொன்ன ரூம். கடைசிப் பத்தடி. கதவு வச்சது.”

“எப்பச் சொன்ன?”

“மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் ம்னு தலையாட்டினீங்க!”

“ஒரு சுவர் குறைஞ்சா முந்நூறு கல்லு மிச்சம். காத்தும் தடையில்லாமப் போகும். அதுக்குத்தானே இந்த வீடே?”

மேஸ்திரி மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, “நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்” என்று நழுவினார். நல்ல மனிதர்.

அன்று மாலை தங்கை ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தாள். ஒன்பது நாள் இருந்தாள்.

“ஒரு கதவுக்காடி?” என்று கேட்டேன்.

“நாள் பூரா அடுத்தவங்க காதுக்குள்ளயே இருக்கேன் அக்கா. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டு ஒண்ணும் கேக்காம உக்காரணும். அவ்ளோதான் கேட்டேன். அதைக்கூட அந்த மனுஷன் காதுல போட்டுக்கல.”

பிறகு பழசெல்லாம் வெளியே வந்தது. அவள் பேச்சை அவர் பாதியில் விட்டுவிட்டுப் போவது. சமையலறையிலிருந்து கூப்பிட்டால் பதிலே வராதது. கூட்டத்தில் அவள் ஏதாவது சொன்னால் சம்பந்தமில்லாமல் சிரித்துவைப்பது. கேட்கக் கேட்க எனக்குச் சூடேறியது. “இப்படி ஒரு ஆளோட எதுக்கு வீடு? பேசாம விட்டுட்டு வந்துடுடி” என்றேன்.

சொன்னது அக்காவா, எழுத்தாளரா என்று இன்னமும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஏனென்றால் அவள் வேலைக்குக் கிளம்பியதும் நான் உட்கார்ந்து எழுதினேன். பதினொரு பக்கம். மனைவியின் குரலே காதில் விழாத ஒரு கணவன். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

4

பத்தாம் நாள் மாப்பிள்ளை அவளைச் சமாதானம் செய்து கூட்டிப்போக மருத்துவமனைக்கே போனார். வெளியே பெஞ்சில், மற்ற நோயாளிகளோடு உட்கார்ந்திருந்தார்.

(நான் அங்கே இல்லை. தங்கை சொன்னதையும் பிறகு மாப்பிள்ளை சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். ஓர் இடம் தவிர இருவரும் ஒன்றையேதான் சொன்னார்கள். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.)

தங்கையோடு வேலை செய்யும் பெண் அவரைப் பார்த்துவிட்டுப் பின்னாலிருந்து, “அண்ணே, உள்ள வாங்க” என்றாள். அவர் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது முறை கொஞ்சம் கத்தியே கூப்பிட்டாள். அவருக்கு இரண்டு பக்கமும் இருந்த, காது சரியில்லை என்று வந்தவர்களே திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை இதைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தினம் முப்பது பேரிடம் அவள் பார்ப்பது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கூண்டில் உட்காரவைத்தாள். “வேணாம்” என்றார் அவர். “பத்து நிமிஷம்தான்” என்றாள்.

முதலில் எல்லா ஒலிக்கும் பொத்தானை அழுத்தினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவளுக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. பிறகு கவனித்தாள்: கூண்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து அவர் அவளுடைய தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மெஷினைத் தொடும்போது தோள் லேசாக அசையும். அது அசைந்தால் இவர் அழுத்துவார். பழுதான மோட்டாரைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கிற ஆள் அல்லவா.

நாற்காலி திரும்பியது. (இதுதான் அந்த இடம். அவள், தான் திருப்பியதாகச் சொல்கிறாள். அவர், தானே திரும்பி உட்கார்ந்ததாகச் சொல்கிறார். நான் இரண்டு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் வெவ்வேறு மனிதர்கள். அதனால் ‘திரும்பியது’.)

அதற்குப்பின் அவள் ஒலியைக் கூட்டினாள். விரல் அசையவில்லை. இன்னும் கூட்டினாள். அசையவில்லை. அவருடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே கூட்டிக்கொண்டு போனாள்.

தடித்த ஒலிகள் கேட்கின்றன. மெல்லிய, உயர்ந்த ஒலிகள் போய்விட்டன. இருபத்தைந்து வருட மோட்டார் அறை. தங்கை எனக்கு விளக்கியது இது: “ஆம்பளைக் குரல் ஓரளவு கேக்கும். என் குரல் பாதிதான். அதுலயும் எழுத்தெல்லாம் உதிர்ந்துடும் அக்கா. நான் ‘கதவு’ன்னு சொன்னா அவருக்கு ‘அ-அவு’ன்னுதான் விழும்.”

என் பதினொரு பக்கம் அங்கே செத்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன், முதலில் எனக்கு வந்தது இரக்கமில்லை. எரிச்சல். நல்ல கதை ஒன்று கையைவிட்டுப் போனதே என்று.

5

இதோடு முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்குக் கேட்கவில்லை, அவள் தப்பாக நினைத்துவிட்டாள், இருவரும் அழுதார்கள், வீடு எழுந்தது. நான் அப்படித்தான் முடிக்கப் பார்த்தேன். தங்கை விடவில்லை.

“அவருக்கு மூணு வருஷமாத் தெரியும் அக்கா.”

கம்பெனியில் வருடாவருடம் உடல் பரிசோதனை உண்டு. காது டெஸ்ட் அன்று லீவு போட்டுவிடுவார். தெரிந்தால் கிணற்றுக்குள் இறக்கமாட்டார்கள். கீழே நிற்கும் கூட்டாளி “நிறுத்து” என்று கத்தினால் மேலே இருப்பவருக்குக் கேட்டாக வேண்டும். மூன்று வருடமாக அந்த ஆளின் உயிரையும் சேர்த்து அதிர்ஷ்டத்தில் விட்டுவைத்திருந்தார்.

“என்கிட்டச் சொல்லலாம்ல?” என்று கேட்டிருக்கிறாள். “ஊர்க் காதையெல்லாம் பாக்கறவ நான்.”

“அதனாலதான் சொல்லல. உன் முன்னாடி நோயாளியா உக்காரக் கூடாதுன்னு இருந்தேன்.”

பிறகு வீட்டு வரைபடத்தைப் பற்றி அவராகவே சொன்னார். “உன் முகத்தைப் பாத்தா எனக்குக் கேக்கும். வாய் அசையறது, புருவம், எல்லாத்தையும் சேத்துப் புரிஞ்சுக்குவேன். நீ அடுப்புக்கிட்ட நின்னாலும் கட்டில்ல உக்காந்தாலும் முகம் தெரியணும். அதான் நடுவுல சுவரே போடல.”

அவள் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பிக் கேட்டாள்: “நான் கதவு கேட்டது உங்களுக்குக் கேக்கவே இல்லையா?”

இந்தக் கேள்விக்கு நான் ஐந்து பதில் எழுதிவைத்திருந்தேன். அவர் சொன்னது அந்த ஐந்தில் இல்லை.

“முதல் ரெண்டு தடவை கேக்கல. மூணாவது தடவை நேரா உக்காந்து சொன்ன. கேட்டுது. கேக்காத மாதிரி இருந்துட்டேன்.”*

* காது கேளாதவரைக் கதையில் மன்னிப்பது சுலபம். கேட்டும் கேளாத மாதிரி இருந்தவரை என்ன செய்வது? இரண்டும் ஒரே ஆளாக இருந்தால்? இந்த அடிக்குறிப்பைப் பலமுறை திருத்தியும் கேள்வியாகவே நிற்கிறது.

6

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மறுநாளே அவர் கம்பெனியில் போய் உண்மையைச் சொன்னார். தங்கை கூடவே போய் வாசலில் நின்றாள். அவரைக் கிணற்றுவேலையிலிருந்து எடுத்துப் பட்டறையில் போட்டார்கள். கூட்டாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “என் பொண்டாட்டி முகத்தை ஒரு நிமிஷம் நெனச்சிருக்கலாம்ல நீ” என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் ஒரு மாதம் பேசவில்லை. மாப்பிள்ளைக்குக் காதுக் கருவி வந்தது. தங்கையே பொருத்தினாள். பொருத்திய அன்று, “இந்தக் குழாய் எப்பவும் இப்படித்தான் சொட்டுமா?” என்று கேட்டாராம். கருவி உதவுகிறது. ஆனால் சுவருக்கு அப்பால் இருந்து பேசினால் இன்னமும் அவருக்கு வெறும் இரைச்சல்தான்.

தங்கை வீட்டுக்குத் திரும்பிப் போனாள். விட்டுட்டு வந்துடு என்று நான் சொன்ன யோசனையை இருவரும் என்னிடம் நினைவூட்டவில்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது.

அவள் கேட்ட நடுச்சுவர் என்ன ஆயிற்று? அதற்கான அஸ்திவாரத்தைப் பிறகு தோண்டிச் சேர்த்தார்கள். அது மாப்பிள்ளையின் பிடிவாதம். சுவர் முழங்கால் உயரம் வந்து நின்றது, கதவுக்கென்று நடுவில் மூன்றடி இடைவெளியோடு. அதன் மேல் என்ன என்பதில்தான் என் கதை மாட்டிக்கொண்டது.

நான் ஒரு முடிவு எழுதினேன்: கண்ணாடிக் கதவு. சாத்தினால் அவளுக்கு அமைதி, அவருக்கு முகம். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தங்கையிடம் படித்துக் காட்டினேன்.

“நாள் பூரா கண்ணாடி வழியாத்தான் ஆளுங்களைப் பாக்கறேன். வீட்டுலயும் என்னைக் கூண்டுல போடறியா?” என்று கேட்டாள்.

வேறொன்று: அவள் கதவைத் தியாகம் செய்கிறாள், இருவரும் திறந்த கூடத்தில் சிரித்தபடி— வேண்டாம். அந்தச் சிரிப்பு எனக்கே கேட்கவில்லை.

7

போன ஞாயிறு காலை மனைக்குப் போனேன். இருவரும் சேர்ந்து கல் அழுத்திக்கொண்டிருந்தார்கள். அவள் மண்ணை அள்ளிப் போட, அவர் நெம்புகோலில் தொங்கினார். இருவர் தலையிலும் புழுதி. மேஸ்திரி சாந்து குழைத்துவிட்டு நடுச்சுவர் அருகே வந்து நின்றார்.

“இன்னைக்குச் சொல்லிடுங்க. மேல ஏத்தவா, இதோட நிறுத்தவா? நிலை வைக்கிறதுன்னா இப்பவே வைக்கணும். அப்புறம் சுவரை உடைச்சுக் கதவு வைன்னு சொல்லாதீங்க.”

இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள்.

“ஏத்துங்க” என்றது மாப்பிள்ளை.

“நிறுத்திடுங்க” என்றது தங்கை.

“ரெண்டு பேரும் சேர்ந்து பேசினா எனக்கு எப்படிக் கேக்கும்?” என்றார் மேஸ்திரி.

இதை நான் கற்பனை செய்திருந்தால் வெட்டியிருப்பேன், இனிப்பு அதிகம் என்று. ஆனால் நடந்தது. அதோடு, இனிப்பாகவும் இல்லை. தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது. “எனக்காக யாரும் விட்டுக்கொடுக்க வேணாம். கேக்காத மாதிரி இருந்ததுக்கு இது பரிகாரமா?” என்றாள். “நீ மட்டும்? என் காதுக்குப் பாவம் பாக்கறியா?” என்றார் அவர். “ஆமா, பாக்கறேன், அதுல என்ன தப்பு?” என்றாள். மேஸ்திரி இந்த முறை டீ குடிக்கப் போகவில்லை. கவிழ்த்த சட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

தங்கை முழங்கால் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். அவர் இந்தப் பக்கமே நின்றார். அவள் அவர் முகத்துக்கு நேராக நின்று, குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை, “திருப்பிச் சொல்லு, அது விழல” என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் அந்த வாக்கியத்தைக் கேட்டதில்லை. அவள் திருப்பிச் சொன்னாள்.

இன்னும் நாலடி முன்னால் போயிருந்தால் எனக்கும் கேட்டிருக்கும். போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். இந்த வீட்டில் என் யோசனைகள் போதும்.

என் இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். வெயில் ஏறிவிட்டது. குழைத்த சாந்து இன்னும் அரைமணி நேரம் தாங்கும் என்கிறார் மேஸ்திரி.