டர்போ வாங்கிய ரேம்

கொழுந்தனுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் டர்போ. நடக்கச் சொன்னால் ஓடுகிறவன், சொல்லி முடிப்பதற்குள் செய்து முடித்துவிட்டுத் திட்டு வாங்குகிறவன். அப்பேர்ப்பட்டவன், வேலை பார்த்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை மூடப்பட்ட பிறகு மாதக்கணக்கில் சோபாவில் சுருண்டு கிடந்தான். அதைப் பார்க்க அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

அண்ணி கல்யாண வீடியோக்களை வீட்டிலிருந்தே எடிட் செய்து கொடுப்பவள். அவளுடைய பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டதும், புதியதைக் கொழுந்தனே பாகம் பாகமாய் வாங்கி மாட்டிக் கொடுக்கட்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அண்ணன்காரன் முனகிக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டான். உருப்படியாய்ச் செய்துவிட்டால் தம்பி இதையே சொந்தத் தொழிலாக வைத்துக்கொள்ளலாம். சொதப்பினால், தான் வேலை பார்க்கும் குடோனுக்கு மூட்டை எண்ண வந்துவிட வேண்டும். குடோன் என்றாலே டர்போவுக்கு வேப்பங்காய். ஆனாலும் தலையாட்டினான்.

பட்ஜெட் குறைவுதான். மதர்போர்டு, பிராசசர் எல்லாம் விலை மலிவானதாகவே பார்த்து வாங்கினான். ரேமைக் கண்டதும் மட்டும் ஐயாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கடையில் இருந்ததிலேயே வேகமானதைத் தூக்கிக்கொண்டு வந்து, இனி அண்ணியின் வேலை பறக்கும் என்று மார்தட்டினான்.

மாட்டி முடித்து ஆன் செய்ததும் முதல் தடவையிலேயே உயிர் வந்தது. அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. செட்டிங்ஸைத் திறந்து பார்த்த டர்போவின் முகம்தான் தொங்கிப்போனது. ரேம் பெட்டியில் போட்டிருந்த வேகம் ஒன்று, திரை காட்டிய வேகம் அதைவிடக் குறைவு. அந்த மதர்போர்டுக்கு அவ்வளவுதான் முடியும். எத்தனை வேகமான ரேமைச் செருகினாலும் அது தன் வேகத்துக்குத்தான் ஓட்டும். வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய விஷயம், அவசரக்குடுக்கை பார்க்கவில்லை.

அதோடு விட்டானா? வலுக்கட்டாயமாக வேகத்தை ஏற்றிப் பார்த்தான். திரை கறுத்துப்போனது. அணைத்துப் போட்டாலும் கறுப்புதான். அந்தப் பக்கமாய்ப் போன அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். அண்ணிக்கு வேலை தரும் ஸ்டூடியோக்காரருக்கு மறுநாள் வீடியோ கொடுத்தாக வேண்டும். அண்ணி பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

டர்போ கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, மதர்போர்டில் இருந்த காசு போன்ற வட்ட பேட்டரியைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து மறுபடி மாட்டினான். ஏற்றிய வேகமெல்லாம் அழிந்து, திரை பழையபடி வந்தது. ரேமைப் பார்க்காமல் வாங்கிய தப்பை அவளிடம் மட்டும் சொன்னான். தன் வேலைக்கு இந்த வேகமே தாராளம் என்றாள் அவள், யாரிடமும் மூச்சு விடாதே என்றும் சொல்லி வைத்தாள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் வீடியோ முடிந்தது. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. வாங்கிப் போக வந்த ஸ்டூடியோக்காரர் ஓட்டிப் பார்த்து அசந்துபோனார். தன் ஸ்டூடியோவுக்கும் இதே மாதிரி கம்ப்யூட்டர் வேண்டும் என்றவர், மேஜையில் இருந்த ரேம் பெட்டியைக் காட்டி, இதே ரேமைப் போட்டு எத்தனை நாளில் தருவாய் என்று டர்போவைக் கேட்டார். எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். சரி என்று சொல்லித் தொலையேன் என்று அண்ணி மனதுக்குள் கெஞ்சினாள்.

டர்போ பிடரியைச் சொறிந்தான்.

"இந்த ரேம் வேணாம் சார். நான் பார்க்காம வாங்கிட்டேன். இந்த போர்டுல இதோட முழு வேகம் வராது. சாதாரணமே போதும், மிச்சக் காசுக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க்கா போட்டுக்கலாம்."

போச்சு, எல்லாம் போச்சு என்று அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது ஸ்டூடியோக்காரர் டர்போவின் போன் நம்பரைக் குறித்துக்கொண்டிருந்தார். சாதாரண ரேமே போடு, ஆனால் நீதான் வந்து மாட்டித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டர்போ அண்ணனை ஏறிட்டே பார்க்கவில்லை. எப்போதிலிருந்து குடோனுக்கு வர வேண்டும் என்று தரையைப் பார்த்துக் கேட்டான்.

அண்ணன் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தான்.

"இவன குடோன்ல விட்டா, என் தப்பையும் சேர்த்து முதலாளிகிட்ட ஒப்பிச்சிடுவான். நமக்கு வேணாம்டி இந்த வம்பு. இங்கயே இருந்து இந்தத் தொழிலையே பார்க்கட்டும்."

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன.