ஆறு கிலோ

இன்றைக்குப் பொய் சொல்லக் கூடாது. போன மாதம் ஆஸ்பத்திரியில் தந்த மனநலக் கேள்வித்தாளில் ஒன்பது கேள்விக்கும் ‘இல்லை’ என்று குறித்துக் கொடுத்தாயிற்று. இன்றைக்கு உள்ளதைக் குறித்துவிட வேண்டும். தூக்கம் வருவதில்லை. எதிலும் பிடிப்பில்லை. கடைசிக் கேள்வி, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா? தோன்றுகிறது. தினமும்.

“செருப்பைக் கழட்டிட்டு ஏறும்மா” என்றாள் எடைக் குறைப்புப் பிரிவின் நர்ஸ்.

அவள் எடை மெஷினில் ஏறினாள். எண்கள் ஓடி நின்றன.

“அடேயப்பா! ஒரே மாசத்துல ஆறு கிலோ!”

கூட வந்திருந்த அண்ணி கையைத் தட்டினாள். “நான் காத்தைக் குடிச்சாலே ஊதிடுறேன் சிஸ்டர். இவ பாருங்க, சத்தமில்லாம சாதிச்சுட்டா! ஏய், இனிமே உங்க அண்ணன் உன்னை ‘குண்டூஸ்’னு கூப்பிடட்டும், வாயிலயே போடுறேன்.”

அவள் எதையும் சாதிக்கவில்லை. வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். வாய்க்குக் கொண்டுபோகத் தோன்றாது, மூடிவிடுவாள். வாடிக்கையாளருக்கு ஃபிரேம் மாட்டிவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தன் பக்கம் திரும்பாதபடி பிடித்துக்கொள்வாள். ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அப்படித்தான் இறங்கியது ஆறு கிலோ.

“சிஸ்டர், அந்தக் கேள்வித்தாள்...”

“அது எடை குறையாதவங்களுக்கும்மா. மனசு விட்டுடக் கூடாதேன்னு குடுக்கிறது. உனக்கெதுக்கு?” நர்ஸ் தாள்களை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக் கதவைத் திறந்தாள்.

உள்ளே குழுவினர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அவள் வயதுக்காரர்கள். கதவோரம் இருந்த பெண் நாற்காலிக் கைகளுக்கு நடுவே இடுப்பை ஒடுக்கிக்கொண்டு, நோட்டைத் திறந்து வைத்திருந்தாள்.

“இவங்க ஆறு கிலோ குறைச்சிருக்காங்க. எப்படின்னு இவங்களே சொல்வாங்க” என்றாள் நர்ஸ்.

“போடி, கூச்சப்படாதே” என்று அண்ணி முதுகைத் தள்ளினாள்.

அந்தப் பெண் பேனா மூடியைக் கழற்றினாள். எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வாள். வீட்டுக்குப் போய் அப்படியே செய்து பார்ப்பாள். எடையும் இறங்கும். அந்தப் பெண்ணுக்கும் கை தட்டுவார்கள்.

“சொல்லும்மா.”

“நான் சொல்ல மாட்டேன் சிஸ்டர்” என்றாள் மெதுவாக.