முதுகுக்குப் பின்னால் லூதர்

என் டென்னிஸ் ஜோடி லூதரின் சர்வ் மணிக்கு இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் வரும். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெட் அருகே குனிந்து நிற்பதுதான் நான்கு வருடமாக என் பிழைப்பு. டபுள்ஸ் ஆட்டக்காரனுக்குத் திரும்பிப் பார்க்கும் உரிமை கிடையாது. பார்த்தால் பந்து மூக்கில்தான். போன வருடம் ஒரு சர்வ் தவறி என் முதுகில் பட்டு, ஒரு வாரம் குப்புறப் படுத்துத்தான் தூங்கினேன். அப்போது இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

சவானா நகரில் இறுதி ஆட்டம் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் செய்தது இதுதான். ஜூன் மாதப் பெரிய போட்டியில் சேர, ஜோடியின் இரண்டு தரவரிசை எண்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். லூதரோடு சேர்ந்தால் கூட்டுத்தொகை அதிகமாகி இடம் கிடைக்காது. தரவரிசையில் முன்னால் இருக்கும் டோபியாஸோடு சேர்ந்தால் இடம் நிச்சயம். முப்பத்து நான்கு வயதில் எனக்கு இன்னும் எத்தனை ஜூன் மிச்சம்? டோபியாஸுக்கு ரகசியமாகச் செய்தி அனுப்பினேன். பெயரையும் கொடுத்துவிட்டோம். இந்த இறுதி ஆட்டம் முடிந்ததும் லூதரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். பெயர்ப் பட்டியல் ஞாயிறு பன்னிரண்டு மணிக்கே எல்லோரும் பார்க்கும்படி வெளியாகும் என்பதை மறந்துபோனேன். பதினாறு வருடம் ஆடிய எனக்கு இதுகூட நினைவில்லை என்றால் என்ன சொல்ல?

ஆட்டம் ஒரு மணிக்கு. பன்னிரண்டே காலுக்கு லூதர் ஓய்வறையில் வாழைப்பழம் தின்றபடி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா அப்படிப் பாக்குற?" என்றேன்.

"ஒண்ணுமில்ல பெருசு. மழை வருமான்னு பாத்தேன்."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பட்டியல் பன்னிரண்டு மணிக்கே வெளியாகியிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவனுடைய முதல் சர்வ் கேமிலேயே ஒரு பந்து என் வலது காதை ஒட்டி விசுக்கென்று போனது. அந்தக் காற்று கழுத்தில் பட்டது. இதற்கு முன்னும் நூறு முறை அப்படிப் போயிருக்கிறது, நான் கண்டுகொண்டதே இல்லை. இன்று உடம்பைச் சுருக்கிக்கொண்டேன். இவன் பட்டியலைப் பார்த்துவிட்டான், எனக்குத்தான் குறி வைக்கிறான் என்று தோன்றியது. ஆறடி ஐந்து அங்குல ஆள். தப்பிப் பட்டுவிட்டது என்று அவன் கையை விரித்தால் யார் கேட்க முடியும்?

நெட்டில் நிற்பவன் முதுகுக்குப் பின்னால் கையை வைத்துச் சைகை காட்டுவான். மூடிய கை என்றால் இருந்த இடத்தில் நிற்பேன். விரித்த கை என்றால் குறுக்கே பாய்வேன். அன்று நான் விரலையே பிரிக்கவில்லை. பாய்ந்தால் அவன் பந்தின் வழியில் போய் விழுவேனே! பந்தை அவன் மேலே எறியும்போது விடும் மூச்சு கேட்டதும் என் தோள்கள் தானாகக் காதுவரை ஏறின.

"என்னடா, கையில மிட்டாயா வச்சிருக்க? தொறக்கவே மாட்டேங்குற?" என்றான் லூதர், பக்கம் மாறும்போது. அவனும் சிரிக்கவில்லை.

முதல் செட்டைத் தோற்றோம். இரண்டாவது செட்டை எப்படியோ பிடித்தோம். ஆனால் லூதரின் சர்வ் அன்று அவன் சர்வாகவே இல்லை. எல்லாவற்றையும் நடுக்கோட்டுக்கே போட்டான். பாதிப் பந்துகள் கோட்டைத் தாண்டி விழுந்தன. ஒவ்வொரு சர்வுக்கும் உள்ள இரண்டு வாய்ப்பையும் வீணாக்கி ஆறு புள்ளிகளைச் சும்மா தூக்கிக் கொடுத்தான். எதிராளிகள் நடுவிலேயே காத்து நிற்கத் தொடங்கினார்கள்.

கடைசியில், முதலில் பத்துப் புள்ளி எடுப்பவரே ஜெயிக்கும் டைபிரேக். எட்டுக்கு ஒன்பது, நாங்கள் பின்னால். லூதரின் சர்வ். இதை விட்டால் ஆட்டம் போச்சு.

நான் அவனிடம் நடந்துபோய் ராக்கெட்டால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னேன். "என் பக்கமா ஓரத்துல போடு. நடுவுலதான் காத்துக்கிட்டு இருக்கானுங்க."

"நடுவுலதான் போடுவேன்."

"ஏன்டா?"

அவன் பந்தைத் தரையில் இரண்டு முறை தட்டினான். "லிஸ்டப் பாத்துட்டேன் பெருசு. பன்னெண்டு மணிக்கே."

நடுவர் "டைம்" என்றார். பேச நேரமில்லை. நான் திரும்பி நெட்டுக்கு நடந்தேன். அந்த முப்பது அடி தூரத்தையும் பிடரி கூசக் கூச நடந்தேன். வாழ்க்கையில் எதற்கும் அவ்வளவு பயந்ததில்லை. கையை மூடிக் காட்டினேன். "சரி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மூச்சுச் சத்தம் கேட்டது. நான் குனியவில்லை, நெட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பந்து என்னை விட்டு வெகுதூரம் தள்ளி, நடுக்கோட்டுக்கு அப்பால் விழுந்தது. இரண்டாவதும் அதே இடத்தில் விழுந்தது. தோற்றோம்.

கைகுலுக்கி முடிந்ததும் பெஞ்சில் வந்து விழுந்தேன். இவ்வளவு நேரம் இருந்த பயம் கோபமாகத் திரும்பியது.

"வேணும்னேதான தோத்த? என்னைப் பழிவாங்கத்தான எல்லாத்தையும் வெளிய அடிச்ச?"

லூதர் கை மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டையைக் கழற்றிக்கொண்டே இருந்தான். 

"மொத கேம்ல ஒரு பால் உன் காதுகிட்ட போச்சுல்ல? நீ உடம்பைச் சுருக்கின பாரு, அதப் பாத்தேன். இவன் என்னை நெனச்சுப் பயப்படுறான்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் எனக்குக் கையே வரல. நாலு வருஷமா உன் தலைய ஒட்டித்தான் போடுறேன், ஒரு நாள்கூட எனக்குப் பயம் வந்ததில்ல. இன்னிக்குப் பால் நழுவி உன்மேல பட்டிருந்தா? அதான் உன்னை விட்டுத் தள்ளித் தள்ளிப் போட்டேன்."

நான் ராக்கெட்டைப் பைக்குள் வைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு, போதும்," என்றான். "தப்பிப் பட்டிருந்தா, தெரியாமப் பட்டுச்சுன்னு நம்பியிருப்பியா?"

நம்பியிருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நெட்டருகே உட்கார்ந்தது நினைவுக்கு வந்ததும் மூடிக்கொண்டேன். அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.