நாம, நாங்க

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபத்தில் எழுதினால் கதை கெட்டுவிடும் என்பார்கள். கெடட்டும்.

முதல் வரியாக இதை எழுதினேன்: 'டயர் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் கனவுகள்...' அடித்துவிட்டேன். அங்கே கனவு எதுவும் இல்லை. ஆறு மேசைகள், சுவரோரம் சுருட்டி வைத்த மெத்தைகள், வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வந்ததும் எல்லோரும் போனை அந்த வாளியில் போட்டுவிட வேண்டும். கவனம் சிதறக் கூடாதாம்.

என் தம்பி அங்கே வேலை பார்த்தான். புதிதாகத் தொடங்கிய கம்பெனி. மெக்கானிக் கடைகளுக்காக ஒரு ஆப் செய்துகொண்டிருந்தார்கள். முதலாளியை முதலாளி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். 'அண்ணா' என்றுதான் கூப்பிட வேண்டும். (என் தம்பிக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். இந்த அண்ணனை எங்கள் அம்மா பெற்றதாக எனக்குத் தகவல் இல்லை.)

2

அண்ணாவைக் கொடூரனாக எழுதத்தான் ஆசை. முடியவில்லை. அவர் கத்தவே மாட்டார். எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருடைய ஆயுதம் ஒரே ஒரு சொல்.

"நாம இந்த ஞாயித்துக்கிழமையும் வந்துடுவோம்டா."

"நாம தூக்கத்தைப் பார்த்தா ஆகுமா?"

மனைவியின் பிரசவத்துக்குத் தம்பி லீவு கேட்டபோது, "நமக்கும் ஒரு குழந்தை பொறக்கப் போகுதேடா, ஆப் வெளிய வரட்டும்" என்றார்.

(ஒரு குறிப்பு: 'நாம' என்றால் கேட்கிறவனும் உள்ளே. 'நாங்க' என்றால் கேட்கிறவன் வெளியே. பேசப் பழகும் குழந்தைகூட இதில் தடுமாறாது. அண்ணாவும் தடுமாறியதே இல்லை.)

3

வலி வந்த காலையில் தம்பியின் போன் வாளிக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவள் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, நானே அந்த மாடிக்கு ஓடினேன்.

"கிளம்புடா. அவளுக்கு வலி வந்துடுச்சு."

அண்ணா பதறித்தான் போனார். "ஐயோ, அக்கா! உக்காருங்க. நாம ஒரு மணி நேரத்துல இதை முடிச்சுட்டு..."

"நாமன்னா யாருங்க? அங்க துடிச்சிட்டு இருக்காளே, அவளும் அதுல சேத்தியா?"

(இங்கே தம்பி நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுவதாக ஒரு வரைவில் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. பொய்.)

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் சொன்னான்: "நீ போக்கா. நாங்க முடிச்சிட்டு வந்துடறோம்."

நாங்க. நான் வெளியே. வலியில் கிடந்தவள் வெளியே. பிறக்கப்போகிற குழந்தையும் வெளியே. படியிறங்கி ஆஸ்பத்திரிக்கே திரும்பி ஓடினேன்.

அவன் வந்து சேர்ந்தபோது மகள் பிறந்து, பால் குடித்து, தூங்கியே போயிருந்தாள். "அண்ணி, அவரை வெளிய இருக்கச் சொல்லுங்க" என்றாள் அவன் மனைவி.

4

ஆப் வெளிவந்தது. வந்த சூட்டோடு ஒரு பெரிய கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. அண்ணா எல்லோரையும் கூப்பிட்டார். அதே சிரித்த முகம். "நாங்க யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்திருக்கோம்."

மீதியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை என்றான் தம்பி. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் வேறு வேலை கிடைக்கவில்லை.

5

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்: 'வாருங்கள், இந்த முடிவை நாம் சேர்ந்து...'

சீ! என் வேலையை உங்கள் தலையில் கட்ட நானும் அதே சொல்லையா எடுப்பது? நீங்களே நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்திருப்பீர்கள். சும்மா உட்காருங்கள். நேற்று நடந்ததை நானே சொல்கிறேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குழந்தை தம்பியின் மடியில். மனைவி இப்போது அவனோடு பேசுகிறாள், வேண்டிய அளவுக்கு மட்டும். போன் அடித்தது. கை எச்சில் என்பதால் ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய், புதுசா ஒரு கம்பெனி தொடங்கறேன். நாம மறுபடியும் ஆரம்பிக்கலாமாடா?"

அவன் மனைவியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. தம்பி குழந்தையைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான்.

"இல்லண்ணா," என்றான். "நாங்க..."

மீதி வாக்கியத்தை நான் எழுதப்போவதில்லை. அவன் மனைவி மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தாள்.